எட்டாவது ஓட்டம்

செத்த விரலுக்குப் போன் திறக்கவில்லை. அண்ணனின் கட்டைவிரலைத் தன் சட்டை நுனியால் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். நாலு முறை. ஐந்தாம் முறை அது எண்ணைக் கேட்டது.

"ஸ்டாஃப் நம்பரைப் போட்டுப் பாரு தங்கச்சி. அவனுக்கு வேற எந்த நம்பரும் மண்டையில நிக்காது" என்றார் டயர். அண்ணனோடு பஸ் டிப்போவில் இருபது வருஷம் இருந்தவர். அவர் டயர் பிரிவு, அதனால் டயர். அண்ணன் ஸ்பீடோமீட்டர் ரிப்பேர், அதனால் மீட்டர்.

திறந்தது.

"குடு, பாக்கிப் பேருக்கும் சொல்லிடறேன்."

"அஞ்சு நிமிஷம்ணே" என்று மாடியேறிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நேற்று மதியம் டீ போட இறங்கி வந்தபோதுதான் பார்த்தாள். நடையில் குப்புறக் கிடந்தான். பக்கத்தில் தரையில் இந்தப் போன், ஓசையைப் பதிவு செய்துகொண்டே இருந்தது. ஐம்பத்து மூன்று நிமிடம். அவள்தான் நிறுத்தினாள்.

"விழுந்ததுமே போயிருக்கும்மா. கஷ்டமே பட்டிருக்க மாட்டார்" என்றார் டாக்டர். வந்தவர்கள் எல்லோரிடமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

எல்லாம் அந்த ரிமோட் காரால் வந்தது. மூன்று வாரத்துக்கு முன் வாங்கினான். மணிக்கு நாற்பது கிலோமீட்டர் என்று பெட்டியில் போட்டிருந்தது. "எவன் அளந்தான்?" என்றான் அண்ணன். அன்றைக்கே வாசலிலிருந்து சமையலறை வரை நீளும் நடையில் இரண்டு இரும்பு ஸ்கேல்களை மூன்று மீட்டர் இடைவெளியில் ஒட்டினான். கார் பாய்ந்து ஸ்கேல்மேல் ஏறும்போது டக் என்று ஒரு சத்தம், அடுத்ததில் இன்னொரு டக். போன் திரையில் அவை இரண்டு முள்ளாக நிற்கும். நடுவில் எவ்வளவு நேரம் என்று பார்த்தால் வேகம் வந்துவிடும்.

"ஸ்டாப்வாட்ச் வெச்சுப் பாக்க வேண்டியதுதானே?" என்று கேட்டாள்.

"விரல் பொய் சொல்லும் குட்டி. சத்தம் சொல்லாது."

முப்பதுதான் வந்தது. "பத்து கிலோமீட்டரை முழுங்கிட்டானுங்க பாத்தியா!" என்று வீடே அதிரச் சிரித்தான். ஒரு தடவை போதாதாம், பத்து ஓட்டம் ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டுமாம். பிஸ்கட் கம்பெனியில் இரவு ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குகிறவளுக்கு இது போதாதா? போன வாரம் படியில் நின்று கத்தினாள். "நான் தூங்குறப்ப இந்த வீட்ல உன் குரல் கேட்டுச்சு, வண்டியத் தூக்கி ரோட்ல வீசிருவேன்!"

கட்டிலில் உட்கார்ந்து பதிவைத் திறந்தாள். அலை மட்டும் தெரிந்தது. இரண்டிரண்டு முள்ளாக ஏழு ஜோடி. எட்டாவது ஜோடியை அடுத்து, தடித்த ஒரு மேடு. அவன் விழுந்த சத்தம் அதுதான். அதன்பின் வெறும் கோடு.

டாக்டர் சொன்னது சரிதான் என்று மூச்சு விட்டவள், கோட்டை விரலால் இழுத்துப் பெரிதாக்கினாள். மேட்டுக்கு அப்புறம் ஒரு சின்ன வீக்கம். இன்னொன்று. இன்னொன்று. நாய்க் குரைப்பாக இருக்கலாம். தெருவில் போன வண்டியாக இருக்கலாம்.

கீழே டயரின் குரல் கேட்டது. "பகல்ல கூப்பிட்டா கடிச்சே வெச்சிருவா என் தங்கச்சின்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்யா." யாரோ மெதுவாகச் சிரித்தார்கள்.

போனைக் காதோடு வைத்துக்கொண்டு முதலிலிருந்து ஓடவிட்டாள்.

"ஒண்ணாவது ஓட்டம்." கிசுகிசுப்பு. டக், டக். "ரெண்டாவது." வீடு அதிரப் பேசுகிறவன், திருடன் மாதிரி பேசிக்கொண்டிருந்தான். ஏழு வரை அப்படித்தான். எட்டு. டக், டக். பிறகு அவன் விழுந்தான். ஒரு நிமிடத்துக்கு மேல் வெறும் இரைச்சல்.

"குட்டி."

பதினொரு செகண்ட்.

"குட்டி."

பத்தொன்பது செகண்ட். மூன்றாவது முறை பாதிதான் வந்தது. மேட்டிலிருந்து அதுவரை ஒரு நிமிடம் நாற்பது செகண்ட். ஓட்டங்களை எண்ணிய அதே கிசுகிசுப்பு. மூச்சு இல்லாததாலா, அவள் தூங்குகிறாள் என்பதாலா, அலையில் அது தெரியாது. திரும்பவும் வைத்துக் கேட்டாள். திரும்பவும்.

"குட்டி!" கீழேயிருந்து சித்தப்பா கூப்பிட்டார். "எடுக்கப் போறோம்மா, வா!"

"வந்துட்டேன்!"

தொண்டை கிழிந்த மாதிரி வந்தது அந்தச் சத்தம். கீழே பேச்சு நின்றது. காலடிகள் நின்றன.

"தங்கச்சி வருதுய்யா" என்றார் டயர். "அப்படியே கொஞ்சம் பிடிங்க."

யாரோ முனகிக்கொண்டே பாடையைத் தோள் மாற்றிக்கொள்வது கேட்டது. அவள் இன்னும் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை.