இடப்பக்கத்துக் குரல்

மின்சார அலுவலகத்தில் மீட்டர் சரிபார்க்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரைத் தெருவில் இன்னும் மீட்டர்க்காரர் என்றுதான் சொல்வார்கள். ஓய்வு பெற்றவர் பேசாமல் ஓய்ந்திருக்கலாம். வெளியூரில் இருக்கும் மகள் சும்மா இராமல், பழைய கேசட்டையும் இசைத்தட்டையும் சிடிக்கு மாற்றுகிற கருவி ஒன்றை வாங்கி அனுப்பினாள். அப்பாவுக்குக் கையில் வேலை இருந்தால் அம்மாவைக் குறை சொல்ல நேரம் இருக்காது என்பது அவள் போட்ட கணக்கு.

கணக்கு முதலில் சரியாகத்தான் போனது. சாப்பாட்டு மேசையில் பாதியைக் கருவியும் கம்ப்யூட்டரும் பிடித்துக்கொண்டன. இசைத்தட்டுகளைச் சோப்புத் தண்ணீரில் அலசி, பாத்திரக் கூடையில் சாப்பாட்டுத் தட்டுகளுக்கு நடுவே நிற்கவைத்துக் காயப்போட்டார். ஒரு நாள் அவசரத்தில் மனைவி அதில் ஒன்றை உருவி மேசையில் போட்டுக் கரண்டியைத் தூக்கிவிட்டாள். நல்ல வேளை, குழம்பு இன்னும் கரண்டியில்தான் இருந்தது.

இந்த வேலையில் குறுக்கு வழி கிடையாது. அரை மணி நேரக் கேசட் அரை மணி நேரம் ஓடித்தான் ஆக வேண்டும். ஆளும் கூடவே உட்கார்ந்து கேட்க வேண்டும், எங்கே நாடா சிக்கும் என்று யாருக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்க முள் ஆடுவதைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவருக்கு அது கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி. அண்ணன் கல்யாணப் பேச்சுகள், மகளின் மழலைப் பாட்டு என்று எல்லாம் ஒவ்வொன்றாகச் சிடியில் ஏறின. அப்போதுதான் மனைவி பீரோவுக்கு அடியிலிருந்து ஒரு செருப்பு டப்பாவை இழுத்து வந்து, தூசியைத் தட்டி, அவர் முன்னால் வைத்தாள்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடிக்கொண்டிருந்தாள் என்பது அவருக்குத் தெரியும். கல்யாணம் பேசும்போதே மாமனார், தட்டச்சில் ஹையர் பாஸ் என்பதோடு சேர்த்து அதையும் சொல்லியிருந்தார். ஆனால் தெரிவது வேறு, காதால் கேட்பது வேறு. டப்பாவில் இருந்தது அத்தனையும் ஜோடிப் பாட்டு. அத்தனையிலும் ஜோடி ஒரே ஆள்.

அந்த ஆளை மீட்டர்க்காரர் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறார். கல்யாண வரவேற்புக்குச் சட்டையின் மேல் பட்டன்களைத் திறந்துவிட்டுக்கொண்டு வந்தான். மாப்பிள்ளைக்கு விரல் நுனியைக் கொடுத்துவிட்டு, பெண்ணோடு நின்று நிதானமாகப் பேசிவிட்டுப் போனான். அன்றைக்கே மனசுக்குள் அவனுக்குக் குயிலார் என்று பேர் வைத்தாயிற்று. இப்போது ஹெட்ஃபோனில் கேட்டால், வயிற்றெரிச்சல், அந்தப் பேர் வஞ்சப் புகழ்ச்சியாகக்கூட நிற்கவில்லை. பயல் நிஜமாகவே நன்றாகப் பாடியிருந்தான்.

பாட்டைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். பாட்டு தொடங்குவதற்கு முன்னால் ஒரு சின்ன இடம் இருந்தது. குயிலார் தொண்டையைக் கனைத்து ஏதோ முணுமுணுக்கிறான்; அவள் சிரிக்கிறாள். சாதாரணச் சிரிப்பு இல்லை, அடக்கப் பார்த்து அடங்காமல் உடைகிற சிரிப்பு. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் எத்தனை ஜோக் சொல்லியிருப்பார்! எதற்கும் இது வந்ததில்லை. திரும்பத் திரும்ப அந்த இடத்தையே ஓட்டினார். முணுமுணுத்தது என்ன என்று கடைசி வரை பிடிபடவில்லை, சிரிப்பு மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சுட்டது.

சாப்பிடும்போது, இதெல்லாம் எப்படிப் பதிவு செய்தார்கள் என்று தொழில்நுட்பம் விசாரிக்கிறவர் போலக் கேட்டார். அவளும் ஆசையாகச் சொன்னாள். இரண்டு கண்ணாடி அறைகளாம், ஒன்றில் கூடப் பாடியவர், எதிரே ஒன்றில் இவள். அவர் குரல் இடப்பக்கம், இவள் குரல் வலப்பக்கம், வாத்தியம் மட்டும் இரண்டிலும்.

"கண்ணாடி வழியா ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டேதாங்க பாடணும். இல்லேன்னா எடுப்பு தப்பிடும்."

வாயில் இருந்த கவளத்தை அவர் தண்ணீர் குடித்துத்தான் உள்ளே தள்ளினார்.

ஆனால் பொறாமைக்காரன் காது வேண்டியதை விடாது. இடப்பக்கம், வலப்பக்கம் என்று அவள் சொன்னதை அவர் பிடித்துக்கொண்டார். மறுநாள் அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து உட்கார்ந்தார். திரையில் இரண்டு வரிசையாக அலைகள். மேல் வரிசைதான் இடப்பக்கம்; அதைத் தேர்ந்தெடுத்து ஒரு பொத்தானைத் தட்டினார். குயிலார் போயே போய்விட்டான். கும்பிடக் கும்பிடப் போகாத விருந்தாளியை வாசலோடு அனுப்பியது போல ஒரு நிம்மதி. அந்தச் சிரிப்பையும் வெட்டினார். பிறகு மனசு கேட்காமல் திரும்பச் சேர்த்தார். சிரிப்பு அவளுடையதுதானே, அவன் வீட்டுச் சொத்தா என்ன?

முழுதாகக் கேட்டபோது நிம்மதியில் ஓட்டை விழுந்தது. அவன் பாடிய இடங்களில் வாத்தியம் மட்டும் ஓடியது. அது முடிகிற தறுவாயில் அவள் மூச்சை இழுக்கிற சத்தம் துல்லியமாகக் கேட்டது. முன்பு அவன் குரல் அதை மூடியிருந்தது. ஆளை எடுத்த இடத்தில் அவள் காத்திருப்பது மட்டும் மிச்சம் இருந்தது. எடுத்த பிடியை விடுகிற ஆள் இல்லை மீட்டர்க்காரர். போகட்டும் என்று சிடியில் ஏற்றினார், மகளுக்கும் ஒன்று தபாலில் அனுப்பினார். நாடாவில் இடப்பக்கம் தேய்ந்து போய்விட்டது, என்ன செய்வது, பழைய சரக்கு என்று மனைவியிடம் சொல்லப் பொய்யும் தயார்.

மறுநாள் காலை அவள் தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தபோது சிடியை ஓடவிட்டார். அவள் கை நின்றது. முதல் அடியை அவள் குரல் பாடி முடித்தது. வெறும் வாத்தியம் வந்தது. இதுதான் சமயம் என்று பொய்யைச் சொல்ல அவர் வாயைத் திறந்தார்.

அதற்குள் அவள் பாடத் தொடங்கியிருந்தாள். குயிலாரின் அடியை. குரலைத் தணித்து, அவன் இழுத்த இடத்தில் இழுத்து, அவன் மூச்சு வாங்கிய இடத்தில் மூச்சு வாங்கி. ஒரு எழுத்து பிசகவில்லை. சிடிக்குள் இருந்த சின்னப் பெண் ஒரு அடி, தலையணை உறையோடு நின்றவள் ஒரு அடி என்று பாட்டு கடைசி வரை போய் முடிந்தது.

அவள் கண் கலங்கியிருந்தது. "எனக்குப் பாடறதுக்குன்னு இடம் விட்டு வச்சிருக்கீங்களே, எப்படிங்க உங்களுக்குத் தோணிச்சு?"

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? ஏதோ தோன்றியது என்றார்.

அம்மா சொல்லக் கேட்டு மகள் போனில் அழைத்து, அப்பாவுக்குள் இப்படி ஒரு ரசனையா என்று உருகினாள். மாடி வீட்டுப் பல் டாக்டரின் மனைவி, தன் வீட்டுக்காரரும் இருக்கிறாரே என்று பெருமூச்சு விட்டாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவர் மீட்டர்க்காரர்தான். நாடாவில் இருந்தவரை குயிலார் சுவிட்சைப் போட்டால்தான் வருவான். இப்போது அவள் பாத்திரம் தேய்க்கையில் வந்தான், துணி உலர்த்துகையில் வந்தான், அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கையிலும் வந்தான். போதாக்குறைக்கு அவள் வாயிலிருந்து வந்தான்.

ஒரு வாரம் பல்லைக் கடித்துப் பார்த்தார். அதற்கு மேல் முடியவில்லை. கேட்டேவிட்டார்.

"அந்த ஆள் வரியெல்லாம் உனக்கு எப்படி இவ்வளவு ஞாபகம் இருக்கு?"

அவள் அவரை வினோதமாகப் பார்த்தாள். "கூடப் பாடறவர் எங்க முடிப்பார்னு தெரியாம நான் எப்படிங்க ஆரம்பிக்கிறது?"

அதில் கோபமும் இல்லை, ஒளிவும் இல்லை. காய்கறி விலை சொல்கிற குரலில் சொன்னாள். அவருக்கு வேண்டியிருந்ததோ, கேட்காத கேள்விக்கு ஒரு ஆமாம் அல்லது இல்லை. அது இரண்டும் அந்தப் பதிலில் இல்லை. அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை, கேட்டு அது ஆமாம் என்று வந்துவிட்டால்? டப்பாவில் மிச்சம் இருந்த கேசட்டுகளை அவள் மேசையில் வரிசையாக அடுக்கி, இவற்றையும் அதே போலச் செய்து கொடுங்கள் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மறுக்க என்ன காரணம் சொல்வது? உட்கார்ந்தார். எல்லாவற்றிலும் குரல்கள் அத்தனை சுத்தமாகப் பிரிந்திருக்கவில்லை. சிலவற்றில் குயிலார் வலப்பக்கமும் கசிந்திருந்தான். அவனை ஒழிக்க வேண்டுமானால் அவன் எங்கே எடுக்கிறான், எங்கே இறங்குகிறான் என்று அடி அடியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்டார், வெட்டினார், மறுபடி கேட்டார். அவள் அந்தக் கேசட்டுகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த வீட்டில் பொழுதன்றைக்கும் குயிலாரைக் கேட்டுக்கொண்டிருந்தது மீட்டர்க்காரர் ஒருவர்தான்.

ஒரு நாள் முகம் மழித்துக்கொண்டிருக்கையில் ஏதோ ஒரு மெட்டு வாயில் ஓடியது. கன்னத்தில் பாதி நுரையோடு முணுமுணுத்துக்கொண்டே போனவர், அடி முடிகிற இடத்தில்தான் அது யாருடைய அடி என்று உணர்ந்தார். அவன் இழுப்பு, அவன் மூச்சு, எல்லாம் அச்சு அசலாக வந்திருந்தது. சட்டென்று வாயை மூடினார்.

அதற்குள் அடுப்படியிலிருந்து அவள் எடுத்துவிட்டாள், ஒரு நொடி தாமதிக்காமல், சரியான இடத்தில். அவர் ஒரு நாளும் கேட்டிராத கனிவு அந்தக் குரலில் இருந்தது. அவள் பதில் பாடுவது தனக்கா, அவனுக்கா? கேட்க நாக்கு துடித்தது. கேட்டால் பாட்டு அங்கேயே நின்றுவிடும். அவள் அடி முடிந்தது. வீடு முழுக்கக் காத்திருந்தது. சவரக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, குயிலாரின் குரலிலேயே, அவர் அடுத்த அடியை எடுத்தார்.