உள்தாழ்ப்பாள்

நெறிமுறைக் குழு மறுபடியும் கூடியிருந்தது. ஆய்வு செய்ய அனுமதி கேட்டு வந்தவளுக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. மாதக் கடைசியில் புதிய முதியோர் காப்பகத்தின் வரைபடம் முடிவாகிவிடும். அறைகளுக்குக் கதவா, வெறும் திரைச்சீலையா என்பது இன்னும் இழுபறி. அங்கே குடியேறப்போகிறவர்களைக் கேட்டு இவள் அறிக்கை கொடுக்காவிட்டால் திரைச்சீலைதான், மலிவு.

"பங்கேற்பாளரின் அந்தரங்கம் நமக்கு உயிர்," என்றார் தலைவர். பாதி திறந்திருந்த கதவருகே பியூன் அதைச் சுவாரசியமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். "உள்தாழ்ப்பாள் போட்ட தனியறையிலதான் பேட்டி எடுக்கணும்."

"அவங்க இப்ப இருக்கற காப்பகத்துல எதுக்குமே தாழ்ப்பாள் கிடையாது சார். குளியலறையிலகூட. விழுந்தா தூக்கணும்னு கழட்டிட்டாங்க. என் ஆராய்ச்சியே அதைப் பத்தித்தான்."

"அப்ப தாழ்ப்பாள் இருக்கற காப்பகமாப் பாருங்களேன்," என்றார் உறுப்பினரான வக்கீல்.

"அங்க போய் என்ன கேக்கறது? தாழ்ப்பாள் சௌக்கியமான்னா?"

கால் தானாக ஆட, அவளுக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. "ஸ்டோர் ரூம்ல ஒண்ணு இருக்கு சார். வார்டன் மத்தியானம் அங்கதான் தூங்குவாங்க."

குழு கலந்து பேசியது. 'ஸ்டோர் ரூம்' என்பது மாண்புக்குக் குறைவு என்பதால் 'தனிமை உறுதிசெய்யப்பட்ட உரையாடல் வெளி' என்று பெயர் சூட்டி, கையெழுத்துப் போட்டது.

மறுநாளே அவள் அந்த வெளியில், டயப்பர் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். எதிரே எக்ஸ்சேஞ்ச் அக்கா. ஒரு காலத்தில் டெலிபோன் ஆபரேட்டர். இப்போது பத்துப் பேர் படுக்கும் கூடத்தில் ஒரு கட்டில். சம்மதப் படிவத்தை இவள் மூச்சுவிடாமல் படித்து முடிப்பதற்குள் அக்கா தாழ்ப்பாளைப் போட்டாள், எடுத்தாள், திரும்பப் போட்டாள்.

"நல்லா வழுக்கிட்டுப் போகுதுடி!"

"ஆரம்பிக்கலாமாக்கா?"

"நீ கொஞ்சம் வெளில இரேன்."

"அக்கா, பேட்டி..."

"அவசரப்படாம யோசிச்சுச் சொல்லலாம்னு இப்பத்தானே படிச்சே? யோசிக்கறேன். கிளம்பு."

வெளியே வந்தாள். பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது. மணி பார்த்தாள், நடந்தாள், கதவில் காது வைக்கப்போய், நெறிமுறை தடுக்க விலகினாள். உள்ளே ஏதோ முணுமுணுப்பு. பாட்டா, அழுகையா என்று பிடிபடவில்லை. இதைக் குறித்துக்கொள்ளவும் வழியில்லை. அனுமதி, கேட்டுப் பெறும் பதிலுக்குத்தான். கண்ணால் பார்ப்பதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கூட்டம்.

தலையணையோடு வார்டன் வந்தாள். "உள்ள என்ன நடக்குது?"

"பேட்டி மேடம்."

"நீங்க இங்க நிக்கறீங்க?"

"ரொம்ப அந்தரங்கமான பேட்டி."

வார்டன் முறைத்துவிட்டுப் போனாள். அதற்குள் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஒருத்தி வந்து இவளுக்குப் பின்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி.

இனித் தாங்காது என்று இவள் கதவைத் தட்டினாள். "அக்கா, ஒரே ஒரு கேள்வி. புதுக் கட்டடத்துல உங்க அறைக்குத் திரை போதுமா, கதவு வேணுமா?"

முணுமுணுப்பு நின்றது.

"திரைன்னா இந்நேரம் நீ உள்ள தலையை விட்டிருப்பே. எழுதிக்கோ. எழுதிட்டுத் தள்ளிப் போ."

எழுதினாள். வரிசையிலிருந்தவள் நடைவண்டியால் இவள் காலில் இடித்தாள்.

"நகரும்மா. அடுத்த பேட்டி எனக்கு."