சூடில்லாத வெளிச்சம்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தும் வெல்டருக்கு வாய் ஓயவில்லை. பட்டறை விபத்தில் வலது புறங்கைத் தோல் உரிந்துபோனதால், முன்கைத் தோலை ரத்தக்குழாய் அறாமல் கீறியெடுத்து, அப்படியே புறங்கைப் பக்கம் திருப்பிவிட்டுத் தைத்திருந்தார்கள். அந்தத் தோலின் நுனி இப்போது கத்தரிக்காய் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது.

டாக்டர் மழுப்பவில்லை. "நுனிக்கு ரத்த ஓட்டம் சரியில்ல. செத்துப்போச்சுன்னா வெட்டி எடுத்துடணும். அப்புறம் இந்தக் கையால எதையும் இறுக்கிப் பிடிக்கறது கஷ்டம்."

கை போனால் வெல்டருக்குப் பிழைப்பும் போச்சு. பக்கத்தில் நின்ற அவர் மனைவி குனிந்து அந்த நுனியையே பார்த்தாள்.

மதியம், அந்த நுனியைத் தேற்றிப் பார்க்க டாக்டர் சொல்லியனுப்பிய லேசர் வெளிச்சம் போடுகிற பெண் வந்தாள். கையில் பேனா கனத்தில் ஒரு கருவி. மூன்று பேரும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டார்கள். கறுத்த தோலின்மேல் ஒரு சிவப்புப் பொட்டு விழுந்தது. சத்தமும் இல்லை, சூடும் இல்லை.

"அவ்வளவுதானா? இதுக்கா இத்தனை பந்தா?" என்றார் வெல்டர். "சூடு இல்லாம ஒண்ணோட ஒண்ணு எப்படிம்மா ஒட்டும்? கொஞ்சம் கூட்டி வைங்க."

"இது இரும்பு இல்லண்ணே. உள்ள இருக்கற உயிருக்குத் தெம்பு குடுக்கற வெளிச்சம். கூட்டினா கெட்டுடும். சில பேருக்குக் கேட்டிருக்கு. உங்களுக்கும் கேக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

தொழில் புத்தி சும்மா விடுமா? மறுநாள் மனைவி டீ வாங்கப் போன நேரம் பார்த்து, மனுஷன் கட்டிலோர விளக்கை இடது கையால் இழுத்து, புதுத் தோலுக்கு நேராக இறக்கி வைத்துக்கொண்டார். படுத்த இடத்திலேயே பட்டறை வைத்தாயிற்று.

திரும்பி வந்தவள் விளக்கைத் தொட்டதும் கையை உதறினாள். "கொதிக்குதுங்க. உங்களுக்குச் சுடலையா?"

"எங்க சுடுது? ஒண்ணுமே தெரியலையே."

எப்படித் தெரியும்? திருப்பித் தைத்த தோலுக்கு உணர்ச்சி கிடையாது, வெந்தாலும் வாய் திறக்காது. அது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. விளக்கை அவசரமாகத் தள்ளிவிட்டார். "கெடுத்துட்டேனாடி?" என்றார். அவள் டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

வந்து பார்த்த டாக்டர், "இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா வெந்தே போயிருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

அதன்பிறகு லேசர் நேரத்தில் வெல்டர் மூச்சுக்கூடப் பெரிதாக விடவில்லை. கத்தரிக்காய் நிறம் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு ஒதுங்கியது. பொறி இல்லை, புகை இல்லை, தட்டுகிற சத்தம் இல்லை. தன் உடம்புக்குள் தன்னைக் கேட்காமலே ஒரு வேலை நடப்பதை அவர் மலைத்துப்போய்ப் பார்த்துக் கிடந்தார்.

ஒரு காலையில் டாக்டர் அந்த நுனியில் ஊசியால் லேசாகக் குத்தினார். மனைவி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வெல்டருக்கு வலிக்கவில்லை. ஒரு கணம் எதுவுமே வரவில்லை. அப்புறம் ஒரு சொட்டு ரத்தம், நல்ல சிவப்பாக, மெல்ல எட்டிப் பார்த்தது.

"பிழைச்சுக்கிச்சு" என்றார் டாக்டர்.

வெல்டருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"இன்னொரு தடவை குத்துங்க டாக்டர்" என்றார். "இவ பாக்கல."