இருபத்திரண்டு சாம்பல் கட்டங்கள்

ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். பல் தேய்த்தான். பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றான். பொங்கி வரும்போது அணைத்தான். டீயைச் சர்க்கரை இல்லாமல் குடித்தான். சர்க்கரை தீர்ந்து ஒரு வாரமாகிறது. வாங்க வேண்டும் என்று தினமும் நினைப்பதோடு சரி. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். நேற்றுப் போட்ட சட்டையை முகர்ந்து பார்த்து, பரவாயில்லை என்று அதையே மாட்டிக்கொண்டான். பிறகு மேசையில் லேப்டாப்பைத் திறந்து, நாற்பது நாட்களாகச் செய்கிற வேலையைச் செய்தான். தையல் மெஷின் மெக்கானிக்குகள் கூடுகிற அந்தப் பழைய இணைய மன்றத்துக்குள் போய், இறந்துபோன மனைவியின் பதிவைத் திறந்து, மேலிருந்து கீழே எண்ணினான். இருபத்துமூன்றாவது படத்திலிருந்து தொண்ணூற்றாறாவது வரை எல்லாம் இருந்தன. முதல் இருபத்திரண்டு இடங்களில் மட்டும் சாம்பல் நிறக் கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரே வாசகம்: இந்தப் படம் இப்போது இல்லை.

அவள் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருந்தாள். இருநூறு மெஷின்களுக்கு ஐந்து மெக்கானிக்குகள், அதில் நாலு பேர் ஆண்கள். சேர்ந்த புதிதில், துணி ஓரத்தை வெட்டித் தைக்கிற ஓவர்லாக் மெஷின் ஏதாவது மக்கர் செய்தால், இவள் கிட்டே வரும்போது நாலு பேரும் முதுகைத் திருப்பி நின்றுகொண்டு ஸ்க்ரூ திருப்புவார்களாம். தொழில் கண்ணில் பட்டுவிடக் கூடாதே. அவள் சண்டை போடவில்லை. கழித்துக் கட்டிய ஓவர்லாக் மெஷின் ஒன்றை வீட்டுக்குத் தூக்கி வந்தாள். பிரித்தாள், பூட்டினாள், மறுபடி பிரித்தாள். ஒவ்வொரு திருப்பையும் போனில் படம் எடுத்தாள். அவளுடைய பதிவின் முதல் வரி இப்படித்தான் தொடங்கும்: "எனக்கு எவனும் காட்டலை. நான் எல்லாத்தையும் காட்டுறேன். நல்லாப் பாத்துக்கோங்க."

அந்த மன்றத்தில் படத்தை நேராகப் போட முடியாது. படங்களை ஏற்றிவைக்கிற வேறொரு இலவசத் தளத்தில் போட்டு, அது தருகிற இணைப்பைத்தான் இங்கே ஒட்ட வேண்டும். அந்தத் தளத்தில் ஏற்றும்போது கீழே சின்னதாக ஒரு கேள்வி இருக்கும், இந்தப் படத்தை எப்போது நீக்கலாம் என்று. பக்கத்தில் "ஓராண்டு" என்று தானாகவே நிற்கும். நாம்தான் மாற்ற வேண்டும். கால் சுற்று பிசகினாலும் விரலிலேயே கண்டுபிடிக்கிறவள் அதைக் கவனிக்கவில்லை. தொண்ணூற்றாறு முறையும் கவனிக்கவில்லை.

அவள் போய் ஒன்பதரை மாதங்கள் கழித்து, என்னதான் எழுதியிருக்கிறாள் என்று ஒருநாள் முதன்முறையாக அந்தப் பதிவைத் திறந்தான். அதற்குள் இருபத்திரண்டு படங்கள் போயிருந்தன. எங்கேயோ ஒரு கணினி, அவள் இருக்கிறாளா இல்லையா என்று கேட்காமல், ஒவ்வொரு படத்துக்கும் ஓராண்டு முடிந்த அன்று அழித்துக்கொண்டே வந்திருக்கிறது. அன்று மாலையே மிச்சம் எழுபத்து நாலையும் இறக்கி, காலக்கெடுவே வேண்டாம் என்று சொல்ல முடிகிற வேறொரு தளத்தில் ஏற்றினான். ஆனால் பதிவுக்குள் இணைப்பை மாற்ற அவளால்தான் முடியும், அல்லது மன்றத்தின் நிர்வாகியால். அவளுடைய கடவுச்சொல் இவனுக்குத் தெரியாது. நிர்வாகி, எண்ணெய்க்குப்பி என்ற பெயரில் எழுதுகிற ஒரு மெக்கானிக். ஷிஃப்டுக்குப் போகுமுன் தினமும் இரண்டு படங்களை மாற்றித் தந்தார். நாற்பது நாளில் எழுபத்து நாலும் ஆயிற்று.

இன்று காலை அவரிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது.

"தம்பி, மாசக் கடைசியோட மன்றத்தைப் பூட்டுறாங்க. படிக்கலாம், ஆனா ஒரு புள்ளி வைக்க முடியாது. என்னாலயும்தான். இன்னும் நாலு நாள் இருக்கு. முதல் இருபத்திரண்டு கிடைச்சுதா? மூடியைக் கழட்டவே சொல்லித் தராம உள்ள இருக்கிறதைக் காட்டி என்ன பிரயோஜனம்? புதுசா வர்றவன் நாலு சாம்பல் கட்டத்தைப் பாத்துட்டு ஓடியே போயிருவான்."

அது இவனுக்கும் தெரியும். மன்றத்தில் கேட்டுப் பார்த்தான். ஊசிமூக்கன் என்ற ஒருத்தர், அந்த இருபத்திரண்டில் ஐந்தை முன்பே அச்செடுத்துத் தன் மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தவர், அவற்றை அப்படியே படம் பிடித்து அனுப்பினார். எண்ணெய்க் கறை எது, ஸ்க்ரூ எது என்று பிரித்தறிய முடியவில்லை. "கை படாத நாள் கிடையாதுங்க, மன்னிக்கணும்" என்று எழுதியிருந்தார். அந்த வரியை மட்டும் இவன் இரண்டு முறை படித்தான்.

அசல் படங்கள் அவளுடைய போனில் இருந்தன. போன் அவளுடைய அம்மாவிடம், அத்தையிடம், இருந்தது. ஒரு பஸ் பிடித்தால் முக்கால் மணி நேரம். நாற்பது நாட்களாக அவன் அந்த பஸ்ஸில் ஏறவில்லை.

காரணம் ஒரே ஒரு வாக்கியம். ஆஸ்பத்திரி நடையில், எல்லாம் முடிந்து பத்து நிமிடம் கழித்து, மூச்சிரைக்க வந்து நின்ற அத்தை அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா என்ன சொன்னா?" என்று கேட்டாள். அவன் வாயில் வந்ததைச் சொன்னான். "அம்மா வரட்டும்னு சொன்னா." அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. மூளையில் ஒரு நரம்பு வெடித்து விழுந்தவள் கண்ணையே திறக்கவில்லை. ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னது. அதன் பிறகு அத்தை ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் அந்த வாக்கியத்தைத் திருப்பிச் சொன்னாள். அவன் அழைப்புகளை எடுப்பதைக் குறைத்தான். பிறகு போவதையும் நிறுத்தினான்.

லேப்டாப்பையும் கேபிளையும் பையில் போட்டான். வாங்காமல் திரும்புவதில்லை என்று முடிவு செய்துகொண்டு செருப்பை மாட்டினான்.

அத்தை மூன்றாவது மாடியில் இருந்தாள். வார நாட்களில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை. அதனால்தானோ என்னவோ பெரியவர்களிடமும் பால் குடித்தாயா, கை கழுவினாயா என்கிற தொனியிலேயே பேசுவாள். கதவைத் திறந்தவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"வாங்க மாப்பிள்ளை. வழி தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது அத்தை."

"எட்டு மாசம் ஆச்சே, படிக்கட்டு எண்ணிக்கையே மறந்திருக்கும்னு நினைச்சேன். சட்டை என்ன இப்படிக் கசங்கியிருக்கு? உக்காருங்க."

போன் அலமாரியின் மேல் தட்டில், சார்ஜர் வயரோடு இருந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவன் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

"தினமும் போட்டுருவேன். அணைஞ்சு போயிரக் கூடாதுல்ல." வயரைத் தேவையில்லாமல் சரி செய்தாள். "உள்ளதான் போக முடியல. நாலு நம்பர் கேக்குது. அவ பிறந்த நாளைப் போட்டேன். உங்க கல்யாண நாளைப் போட்டேன். வெக்கத்தை விட்டு என் பிறந்த நாளைக்கூடப் போட்டுப் பாத்தேன்."

"அது அந்த மெஷினோட மாடல் நம்பர் அத்தை."

அவள் போனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "பெத்தவளைவிட மெஷின் ஒசத்தியாப் போச்சா அவளுக்கு" என்றாள். கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

அவன் வந்த காரணத்தைச் சொன்னான். இருபத்திரண்டு படங்கள், நாலு நாள், மன்றம். அவளுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் போனைக் கேட்கிறான் என்பது நன்றாகப் புரிந்தது.

"போனை எடுத்துட்டுப் போக விடமாட்டேன். நீங்க கோவிச்சுக்கிட்டாலும் சரி. எது செய்யறதா இருந்தாலும் இங்கேயே, என் கண்ணு முன்னாடி. ஒண்ணு அழிஞ்சாலும் உங்களைச் சும்மா விடமாட்டேன்."

"அழியக் கூடாதுன்னுதான் அத்தை வந்திருக்கேன்."

நாலு எண்களை அழுத்தினான். திறந்தது. அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடியை மாட்டினாள். படங்கள் வரிசையாக வந்தன. ஸ்க்ரூ. கத்தி. ஊசித்தட்டு. மறுபடி ஸ்க்ரூ. நூல் கொக்கி. அவன் கீழே தள்ளத் தள்ள அத்தையின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. பதினோரு மாதமாக அந்தப் பெட்டிக்குள் மகளுடைய முகம் இருக்கிறது என்று நினைத்து விளக்கு எரிய வைத்துக்கொண்டிருந்தவள் அவள். இருந்ததெல்லாம் இரும்பு.

"இவ்வளவுதானா? அவ ஒரு படத்துல கூட இல்லையா?"

"அவதானே அத்தை எடுக்கிறவ."

அவன் இன்னும் இரண்டு படம் தள்ளினான். அத்தை திடீரென்று குனிந்து, திரையில் விரலை வைத்தாள்.

"நிறுத்துங்க. இது என்ன துணி?"

கழற்றிய ஸ்க்ரூக்கள் வரிசை மாறாமல் கிடந்த அந்தத் துணி வெளிர் நீலம். ஓரத்தில் வெள்ளைத் தையல். கறுப்பு ஸ்க்ரூ எடுப்பாகத் தெரியும் என்று எல்லாப் படத்துக்கும் அதையேதான் விரிப்பாள்.

"தெரியல அத்தை. எப்பவும் அதைத்தான்..."

"என் தலையணை உறை. ஜோடியில ஒண்ணு. கொடியில காயப் போட்டது காணாமப் போச்சுன்னு மேல் வீட்டுக்காரியைப் பிடிச்சு உலுக்கினேன். அவகூட நாலு மாசம் பேச்சுவார்த்தை இல்ல. இவ இங்க உக்காந்து அதை நியாயம் பேசித் தீத்து வைக்கிறா. 'விடும்மா, ஒரு உறைக்காக சண்டையா'ங்கறா." அத்தையின் தோள் குலுங்கியது. "திருடி. எண்ணெயை வேற ஊத்தி வச்சிருக்கா பாருங்க."

அவள் சிரித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாள். அதற்குப் பின் ஒவ்வொரு படத்திலும் ஸ்க்ரூவை விட்டுவிட்டுத் துணியைப் பார்த்தாள். இந்த மடிப்பு தெரிகிறதா, இந்த முனை பிரிந்திருக்கிறதா என்று. அவன் முதல் இருபத்திரண்டைத் தேடி எடுத்து, தேதியைச் சரிபார்த்து, கேபிளைச் சொருகி நகலெடுத்தான். எண்ணினான். மூடி, பாதம், ஊசித்தட்டு, மேல் கத்தி. விட்டுப் போனது ஒன்றும் இல்லை. இரண்டாவது முறையும் எண்ணினான். அங்கேயே உட்கார்ந்து புதிய தளத்தில் ஒவ்வொன்றாக ஏற்றினான். கீழே இருந்த கேள்விக்கு "ஒருபோதும் வேண்டாம்" என்பதைத் தேர்ந்தெடுத்தான், இருபத்திரண்டு முறை. இணைப்புகளை எண்ணெய்க்குப்பிக்கு அனுப்பினான். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. "வந்துருச்சு தம்பி. இன்னைக்கு லீவுதான், ராத்திரி சாப்பாட்டுக்குள்ள மாட்டிடுறேன்."

கிளம்பலாம். வந்த வேலை முடிந்தது. பையில் லேப்டாப்பை வைக்கப் போனவனை அத்தையின் குரல் நிறுத்தியது. அவள் போனைத் தன் கையில் வாங்கி, ஒரு விரலால் தள்ளித் தள்ளிக் கடைசிக்குப் போயிருந்தாள்.

"இது யார் விரல்?"

அது மன்றத்தில் போடாத படம். மெஷினின் அடிப்பகுதி. மேல் மூலையில் டார்ச்சைப் பிடித்த ஒரு கட்டைவிரல், நகம் கடித்தது.

"என்னோடது."

"அவ விழுந்த அன்னைக்கு எடுத்ததா?"

"ஆமா. ஆறு அம்பத்திரண்டு."

அத்தை போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். "நான் உடுப்பு மாத்திக்கிட்டுத்தான் கிளம்பினேன் மாப்பிள்ளை. வீட்டு உடுப்போட ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போறதுன்னு. கீழ போனப்புறம் அடுப்பை அணைச்சேனான்னு சந்தேகம். மறுபடி மேல ஏறி வந்து பாத்தேன். அணைச்சுத்தான் இருந்துச்சு. எல்லாம் சேந்து கால் மணி நேரம். அம்மா வரட்டும்னு சொல்லிட்டு வாசலையே பாத்துட்டு இருந்திருப்பா. தினமும் அந்தப் படிக்கட்டுல ஏறி இறங்கும்போது அதான் நினைப்பு."

ஆறுதலுக்குச் சொன்ன ஒரு வாக்கியம் இந்த மூன்று மாடியையும் அவளைத் தினமும் ஏற வைத்திருக்கிறது. பையைக் கீழே வைத்தான். மறுபடி உட்கார்ந்தான்.

"அத்தை, அவ அப்படிச் சொல்லல."

அவள் நிமிர்ந்தாள்.

"நானா சொன்னது. ஆஸ்பத்திரியில அவ கண்ணே திறக்கல. வீட்டுல விழுந்தப்பவே நினைவு போயிருச்சு. நீங்க பறந்து வந்திருந்தாலும் அவளுக்குத் தெரிஞ்சிருக்காது. யாருக்காகவும் காத்துட்டு இருக்கல."

அத்தை அவனை அடிப்பாள் என்று நினைத்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். அவள் போனின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். மேல் வீட்டில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

"பதினோரு மாசம்" என்றாள்.

"ஆமா."

"அப்ப கடைசியா என்னதான் சொன்னா? இட்டுக்கட்டாம சொல்லுங்க. ஒரு வார்த்தை கூட்டாம, குறைக்காம."

அவன் சொன்னான். காலை வேளை. மேசைமேல் மெஷின் கவிழ்ந்து கிடந்தது. அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கக் கலக்கத்தோடு எதிரே நின்று டார்ச் பிடித்துக்கொண்டிருந்தவனுக்கு வாய் திறந்துகொண்டது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. படம் எடுத்து முடித்ததும் அவன் குளிக்கப் போய்விட்டான். தண்ணீரைத் திறந்ததும் அவள் விழுந்த சத்தம் கேட்டது. அதற்கு முன் அவள் சொன்னது இவ்வளவுதான்:

"அசையாதீங்க. கொட்டாவி விடுறதா இருந்தா படம் எடுத்தப்புறம் விடுங்க."