ஏழில் ஒருத்தி

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. மறைப்பதற்கில்லை. ஒரு கூட்டத்தில் படித்த மனிதர் ஒருவர் கரும்பலகையில் வட்டம் போட்டு, உலக மக்கள்தொகையை நாடுநாடாகத் துண்டு போட்டுக் காட்டினார். நம் துண்டு வந்ததும் உச்சுக் கொட்டி வருத்தப்பட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "1961. புதுச்சேரிக் கடலில் மாலைச் சூரியன் மெல்ல இறங்கி..." (கிழக்குக் கடலில் சூரியன் எங்கே இறங்கும்? அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: "ஹாஜா மாபெரும் கலைஞன்..." (பொய். அவன் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவன்.)

2

ஹாஜாவின் கைக்கு ஒரு குறை உண்டு. நம்மூர்ப் பெண்ணை வரை என்றால் அவன் மனைவி பதுருன்னிசாவின் முகம்தான் வரும். தலை எண்ணெய் விளம்பரத்தில் கூந்தலை விரித்து நிற்பவளும் அவளே, ஜவுளிக்கடைப் பலகையில் பட்டு உடுத்தி நிற்பவளும் அவளே. தெருவே கேலி செய்யும். அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

சர்க்கார் சுகாதாரக் கண்காட்சிக்கு ஒரு பெரிய விளம்பரத் தட்டி எழுதும் வேலை வந்தது. அதிகாரி ஜானகிராமன் சொல்லச் சொல்ல ஹாஜா வரைந்தான். இடப்பக்கம் பிரான்ஸ்: தொப்பி வைத்த கணவன், தொப்பி வைத்த மனைவி, கையில் பந்துடன் ஒரே குழந்தை. வலப்பக்கம் இந்தியா: எலும்பும் தோலுமாய் ஒரு தாய், அவளைப் பிய்த்துத் தின்பதுபோல் ஐந்து பிள்ளைகள். கீழே, "உலகில் ஏழு பேரில் ஒருவர் இந்தியர். இது தாங்குமா?"

தொப்பிக்காரியைப் பார்த்து வரையப் பழைய காலண்டர் ஒன்று இருந்தது. இந்தியத் தாய்க்கு?

3

திறப்புக்கு முதல் நாள் மதியம், கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு பதுருன்னிசா சோறு கொண்டுவந்தாள். தட்டியைப் பார்த்தாள்.

"இது யாருங்க?"

"சும்மா... ஒரு அம்மா."

"என் மூக்கு. என் மூக்குத்தி. என் அஞ்சு புள்ள."

ஜானகிராமன் சிரித்தபடி வந்தார். "நாலு பேரு பாத்துத் திருந்தட்டும்னுதாம்மா."

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். குரலைத் தணிக்கவில்லை.

"எங்க அக்கா புருசன் பிரெஞ்சுப் பட்டாளத்துல இருக்காரு சார். பிரான்சுல, துலோன்ல குடித்தனம். அவளுக்கு ஆறு புள்ள. புள்ளைக்கு இவ்வளவுன்னு அந்தச் சர்க்காரு பணம் குடுக்குது. ஒரே வயித்துல பொறந்தவங்க நாங்க. அவ பெத்தா காசு தர்றாங்க. நான் பெத்தா தெருவுல கட்டித் தொங்கவிடுவீங்களா?"

"அது வேற தேசம்மா."

"எட்டு வருசத்துக்கு முந்தி இந்த ஊரும் அவங்ககிட்டதான இருந்துச்சு? அப்போ என்னை எந்தப் பக்கம் வரைஞ்சிருப்பீங்க?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மூஞ்சிய மட்டும் மாத்திடுங்க பாய். மத்ததெல்லாம் அப்படியே இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

4

(கதையை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் திட்டிக்கொள்கிறேன். பிடிக்காதவர்கள் ஐந்துக்குப் போகலாம்.

அந்த 1961இல், புதுச்சேரியை இந்தியாவுக்குக் கைமாற்றும் ஒப்பந்தத்துக்குப் பாரீசில் இன்னும் ஒப்புதல் ஆகவில்லை. காகிதப்படி பார்த்தால் அவள் எந்தத் துண்டில் சேர்த்தி என்று ஜானகிராமனுக்கே தெரிந்திருக்காது.

நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவின் துண்டு ஊதிப் பெருத்தது. கப்பல் கப்பலாக ஏறிப்போய் அடுத்தவன் நிலத்தில் இறங்கினார்கள். அதற்குப் பெயர் முன்னேற்றம். இங்கே பஞ்சத்தில் கூட்டம் கூட்டமாய்ச் செத்து நம் துண்டு சுருங்கியபோது யாரும் தட்டி எழுதவில்லை.

பதுருன்னிசாவின் அம்மா பெற்றது ஒன்பது, தங்கியது இரண்டு பெண்கள். இவள் பெற்ற ஐந்தும் தங்கின. துண்டு பெருத்தது இப்படித்தான், ஐயா. பிள்ளை சாகாமல் இருந்தால் அதற்குப் பெயர் பிரச்சினையா?)

5

முடிவு அ: அவள் கறுப்புப் பெயிண்டைத் தூக்கித் தட்டியின் மேல் ஊற்றுகிறாள். (கைதட்டல் எனக்கு, பட்டினி அவளுக்கு. வேண்டாம்.)

முடிவு ஆ: ஜானகிராமன் மனம் திருந்தி... (இதை எழுதக் கை கூசுகிறது.)

நடக்கக்கூடியது இதுதான். ஹாஜா வெள்ளைப் பெயிண்டை எடுத்து அந்த முகத்தை அழித்தான். அவளைப் பார்க்கவே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"வேற யார் மூஞ்சியப் போடறது பதுரு?"

அவள் யோசித்தாள். பக்கத்து வீட்டு அன்னக்கிளிக்கு ஆறு பிள்ளைகள். குருசுக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் சின்னப்பொண்ணுக்கு நாலு.

"அவங்க என்ன பாவம் பண்ணாங்க? யாரையும் போடாதீங்க."

"மூஞ்சி இல்லாம எப்படி விடறது? விட்டா நாளையிலேர்ந்து எனக்கு வேலை குடுக்க மாட்டாங்க."

அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. ஐந்து பிள்ளைகள் முகமில்லாத ஒருத்தியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். காலையில் திறப்பு. வாசகரே, ஹாஜாவுக்கு அவசரமாக ஒரு பெண்ணின் முகம் வேண்டும். உங்கள் வீட்டிலிருந்து ஒன்று கொடுங்கள். யாருடையதைக் கொடுப்பீர்கள்?