ஒத்தடம்

மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில், உலைப் பிரிவில் ஜெபசிங்குக்கு வேலை. உலையிலிருந்து வந்து பாதி ஆறிய இரும்புத் தட்டுகளை அங்கே அடுக்கி வைப்பார்கள். மேலே கோணியை மடித்துப் போட்டு உட்கார்ந்தால் இடுப்பு வலிக்குச் சுகமான ஒத்தடம். சீனியர்களுக்கு மட்டுமே கிடைக்கும் இடம். பதவி உயர்வே வாங்கியது போல வருஷக்கணக்கில் அதில் உட்கார்ந்தான் ஜெபசிங், வாயில் புகையிலையை அதக்கிக்கொண்டு.

அவன் மனைவி ஷாரோனோ கல்யாணமானதிலிருந்து பிள்ளைக்காக ஊசி, மாத்திரை, ஸ்கேன், வெள்ளிக்கிழமை உபவாசம் என்று அல்லாடினாள். "நீங்களும் ஒரு டெஸ்ட் எடுங்களேன்" என்று அவள் கெஞ்சும்போதெல்லாம், "ஆம்பளைக்கு இன்னாத்துக்குடி டெஸ்ட்டு?" என்று மாமியார் ரெபேக்காள் குறுக்கே விழுவாள். ஜெபசிங்குக்கு அது வசதியாக இருந்தது. பெரிய மனுஷன் போலக் கம்மென்று இருந்துவிடுவான்.

செங்கல்பட்டில் புதிதாகப் பார்த்த டாக்டரம்மா விடவில்லை. அவனையும் பரிசோதித்துவிட்டு, என்ன வேலை, எங்கே உட்காருவீர்கள், என்ன பழக்கம் என்று துருவினார்.

"ஷாரோனுக்கு ஒரு குறையும் இல்லை. உங்களுக்குத்தான் உயிரணு ரொம்பக் கம்மி. இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா அந்தச் சூடும் புகையிலையும் கெடுக்கும். ரெண்டையும் விட்டுட்டு மூணு மாசம் கழிச்சு வாங்க. அவங்களுக்கும் வயசு ஏறுது, தள்ளிப் போடாதீங்க."

பஸ் ஸ்டாண்டு வந்ததும் ஷாரோன் நின்றாள். பிறகு சொன்னாள்: "உங்க தங்கச்சி வளைகாப்புல என்னிய வளையல் போட உடலியே உங்கம்மா. நீங்களும் பாத்துக்கினுதான இருந்தீங்க. இப்ப உங்க வாயாலயே அவங்களாண்ட சொல்லுங்க. எனக்கு அது போதும்."

அவனை வெட்கம் பிடுங்கித் தின்றது. வீட்டு வாசலில், பக்கத்து வீட்டுப் பார்வதம் உட்கார்ந்திருக்கும்போதே போட்டு உடைத்தான்.

"யம்மா, கொற எங்கிட்டதான் கீது. ஷாரோனுக்கு ஒண்ணும் இல்ல."

ரெபேக்காள் மகனை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா பார்வதம்? பொண்டாட்டிய உட்டுக் குடுக்காம, பழிய தன் தலைல போட்டுக்கினு வந்து நிக்குது எம் புள்ள. இப்படி ஒரு புருசன் கெடைக்க இவ குடுத்து வச்சிருக்கணும்."

"இல்லம்மா, நெஜமாதான் சொல்றேன்."

"தெரியும் நைனா. கை கழுவிக்கினு வா, சாப்டு."

ஷாரோன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் கெஞ்சிய அன்றைக்கே டெஸ்ட் எடுத்துச் சொல்லியிருந்தால் அம்மா நம்பியிருப்பாளோ என்னவோ. ஜெபசிங் வாசலிலேயே நின்றான்.

"நாளைக்கு வெள்ளிக்கெழம," என்று ரெபேக்காள் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "உபவாசத்த உட்றாதடி."