ஒன்றரை மீட்டர் கேபிள்

லேப்டாப்பிலிருந்து டிவிக்கு வரும் கேபிளின் முனையை விரலால் அழுத்திப் பிடித்தபடி நிஸார் டிவிக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கி நின்றான். டிவியின் பின்பக்கத் துளை எப்போதோ தளர்ந்துவிட்டது, கையை எடுத்தால் படம் போய்விடும். லெபனானின் திரிப்போலி துறைமுகக் கடைத்தெரு முழுக்க அலைந்து அவனுக்குக் கிடைத்த கேபிளும் ஒன்றரை மீட்டர்தான்.

"உம்மா, படம் தெரியுதா?"

தலையணைகளில் சாய்ந்திருந்த உம்மா, ஆக்ஸிஜன் முகமூடியோடு, லேசாகத் தலையசைத்தாள். கண்ணில் புரை விழுந்து நாளாகிவிட்டது. கைபேசியில் யாரைக் காட்டினாலும் "ஒரே புகையா இருக்கு" என்பாள். மருத்துவமனையில் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிய மூன்றாம் நாள், இன்று காலையில், அவளாகவே சொன்னாள்: "ஹுவைதாவைக் காட்டுடா. பெருசாக் காட்டு." அதற்குப் பிறகு பேச்சு நின்றுவிட்டது.

ஆறு வருஷத்துக்கு முன்னால், புருஷனை விட்டுவிட்டு ஸ்வீடனுக்குக் கிளம்பிய அதே மகளிடம் "இனி உன் முகத்துல முழிக்க மாட்டேன்" என்றவள் உம்மா. வீம்பில் அவளை அடித்துக்கொள்ள அந்தத் தெருவில் ஆள் கிடையாது. நடுவில் மாட்டிக்கொண்டவன் நிஸார். தங்கையிடம் "உம்மா உன்னை விசாரிச்சாங்க" என்பான். உம்மாவிடம் "ஹுவைதா உங்களை நினைச்சு அழுதா" என்பான். இரண்டுமே பச்சைப்பொய். இரண்டு பேரும் அதை நம்பவில்லை, நம்பாததை அவனிடம் சொல்லவும் இல்லை.

அரசு மின்சாரம் வராத ஊரில் தெரு ஜெனரேட்டர்காரனிடம் வாங்கும் சந்தா ஐந்து ஆம்பியர்தான். எதைப் போட்டால் எது அணையும் என்பது இந்த ஊரில் பால்குடி மாறாத பிள்ளைக்கும் அத்துப்படி. ஆக்ஸிஜன் இயந்திரமும் டிவியும் சேர்ந்து ஓடுவதற்காக ஃபிரிட்ஜையும் விளக்குகளையும் பிடுங்கிப் போட்டிருந்தான். பகல் பன்னிரண்டுக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள் என்பதால், இன்னும் அரை மணி ஓட்டச் சொல்லிக் கெஞ்ச மனைவி லுப்னா போயிருந்தாள். கைபேசியிலிருந்து லேப்டாப்புக்கு இணையம் போய்க்கொண்டிருந்தது. தங்கை உம்மாவைக் கிட்டத்தில் பார்க்கட்டும் என்று, கேபிள் எட்டிய மட்டும் கட்டிலோரம் இழுத்து, உம்மாவின் இடது பக்கம் ஒரு ஸ்டூலில் லேப்டாப்பை வைத்திருந்தான். அந்த ஏற்பாட்டில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"உம்மா! நான்தான், ஹுவைதா!"

குரல் டிவியிலிருந்து அறை முழுக்க வந்தது. உம்மாவின் கண்கள் விரிந்தன. டிவியின் பின்னால் நின்ற நிஸாருக்குத் தங்கையின் முகம் தெரியவில்லை. உம்மாவின் முகம் மட்டும் நேர் எதிரே தெரிந்தது. கண்ணை இமைக்காமல், பசித்த பிள்ளை சோற்றைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லையே என்று அவனுக்குப் பொறாமை வந்தது. வந்த வேகத்தில் வெட்கமும் வந்தது.

"உம்மா, என்னைப் பாருங்க. ஒரே ஒரு தடவை."

"பாத்துக்கிட்டுதாண்டி இருக்காங்க" என்றான்.

"நீ சும்மா இருண்ணே. உம்மா, இந்தப் பக்கம் திரும்புங்களேன்."

அழுகையில் ஏதோ உளறுகிறாள் என்று நினைத்தான். உம்மா கழுத்தை எக்கி டிவியை இன்னும் உற்றுப் பார்த்தாள்.

"அவ்வளவு வெறுப்பா உம்மா?"

அதோடு சத்தம் நின்றது. இணையம் போய்விட்டதாக்கும் என்று அவன் எண்ணிக்கொண்டிருக்கும்போதே மின்சாரமும் போயிற்று. லுப்னா மூச்சிரைக்க உள்ளே வந்து "அஞ்சு நிமிஷம்கூட முடியாதாம், படுபாவி" என்றபோது அவன் அவசரத்துக்கு வைத்திருந்த ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறந்து குழாயை மாட்டிக்கொண்டிருந்தான். இரண்டு மணிநேரம் கழித்து உம்மா போய்ச் சேர்ந்தாள். அதுவரை அந்தக் கறுப்புத் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இமைகளை அவன்தான் இழுத்து மூடினான்.

மூன்றாம் நாள் துக்கம் கேட்க வந்தவர்கள் சர்க்கரையில்லாத காப்பியைக் குடித்துவிட்டுக் கலைந்த பின், நிஸார் வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஹுவைதா அழைத்தாள்.

"சாகிற நேரத்துலகூட மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்கல்ல?"

"என்னடி சொல்றே?"

"காதும் கன்னமும்தாண்ணே பார்த்தேன். அத்தனை தடவை கூப்பிட்டும் திரும்பலையே. அதான் வெச்சிட்டேன்."

நிஸாருக்கு அப்போதுதான் விளங்கியது. கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தான். கேமரா இருந்தது ஸ்டூலில். உம்மா பார்த்தது டிவியை.

"ஹுவைதா, நீ டிவியிலதான் இருந்தே. குரலும் அங்கேருந்துதான் வந்துச்சு. உன்னைத்தான் பார்த்தாங்க, கடைசி வரைக்கும். நான் கண்ணால பார்த்தேண்டி. லேப்டாப்பைத் தப்பான இடத்துல வெச்சது நான்தான்."



"ஆறு வருஷமா இதே குரல்லதாண்ணே சொல்றே."

"சத்தியமாச் சொல்றேன். இது நிஜம்."

"உம்மா எனக்கு சலாம் சொன்னாங்கன்னு சொன்னியே, அது?"

"அது… அது பொய்."

"பெருநாளைக்கு என் பங்குப் பலகாரத்தை எடுத்து வெச்சாங்கன்னு?"

கீழே வைத்த நாற்காலியை எடுத்து மற்றவற்றின் மேல் அடுக்கினான்.

"போகட்டும்ணே. நீ நல்லவன், எனக்காக ரொம்பக் கஷ்டப்பட்டுட்டே. சாப்பிட்டியா?"

"உம்மா மேல ஆணையா…"

"நான் வெச்சிடறேன். வேலைக்கு நேரமாச்சு."

உள்ளே போனான். அறையை யாரும் இன்னும் ஒதுக்கவில்லை. டிவியின் பின்னால் கேபிள் முனைக்கு ஒரு அட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு, உம்மாவின் இடத்தில் ஏறித் தலையணைகளில் சாய்ந்து, எட்டி லேப்டாப்பில் கேமராவை முடுக்கினான். டிவியும் கேமராவும் இருந்த இருப்பைப் படமெடுத்து அனுப்பினால் நம்புவாளோ என்று ஒரு நப்பாசை.

டிவியில் ஒரு ஆள் வந்தான். நிஸார் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான், அவனோ வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு காது, மூன்று நாள் தாடி, அவ்வளவுதான் தெரிந்தது. லேப்டாப் பக்கம் திரும்பிப் பார்த்தான். கடைக்கண்ணில் டிவி ஒரு முறை துள்ளி அணைந்தது. பின்னால் கேபிளைப் பிடிக்க ஆளில்லை.